நாட்பட்ட சிறுநீரக நோயில் இரத்த அமிலமிகையும் அதன் சிகிச்சையும்

உடலில் நாள்தோறும் உண்டாகும் அமிலம் முழுவதும் வெளியேறாமல் தங்கி, இரத்தத்தில் பைகார்பனேட்டின் அளவு குறைந்துபோகும் நிலை வளர்சிதைமாற்ற அமிலமிகை எனப்படும். ஒரு லிட்டர் இரத்தநீரில் ஏறத்தாழ 22 முதல் 28 மில்லி ஈக்விவலன்ட் (இனி மி.ஈ.) பைகார்பனேட் இருப்பது இயல்பு. அது 22க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் அமிலமிகை எனக் கொள்ளலாம். நாட்பட்ட சிறுநீரக நோயில் இது இரண்டு வகையில் கவனிக்கத் தக்கது. சிறுநீரகம் பழுதானதன் விளைவு இது. மீதமுள்ள சிறுநீரகத்தையும் இது விரைவாகக் கெடுக்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. இதற்கான முதன்மையான மருந்து சோடியம் பைகார்பனேட். வேதியியல் முறையில் அது நம் சமையலறை ஆப்ப சோடாவேதான்.

விலை குறைந்த ஒரு மாத்திரையைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 25 என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரால் இன்னும் வேலைக்குப் போக முடியும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் படுக்கையில் போய்விடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் செலவை ஏற்கும். போன கூலியை யாரும் தருவதில்லை. டயாலிசிஸை ஓராண்டு தள்ளிப்போட முடிந்தால் அது ஓராண்டுச் சம்பளம்.

“அசிடிட்டி” வேறு, அமிலமிகை வேறு

தமிழ்நாட்டில் “எனக்கு அசிடிட்டி” என்று ஒருவர் சொன்னால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வாயுத் தொல்லை என்றே பொருள். அது இரைப்பையின் தொல்லை. இரத்த அமிலமிகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தப் பெயர்க் குழப்பம் சில நேரம் ஆபத்தாகவும் முடிகிறது. சிறுநீரக நோயாளியிடம் “உடம்பில் ஆசிட் அதிகம்” என்று சொன்னால், அவர் மருந்துக்கடையில் ஓமெப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் கேட்டு வாங்கிவிடுகிறார். அம்மருந்துகள் இரைப்பை அமிலச் சுரப்பைத்தான் குறைக்கும். இரத்தத்தின் பைகார்பனேட்டை உயர்த்தா. சிலருக்கு அவை சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்குவதும் அறியப்பட்ட ஒன்று.

இரத்த அமிலமிகை நெடுநாள் வெளியே தெரியாது. மிகவும் குறைந்த பிறகுதான் படியேறும்போது மூச்சு வாங்குதல், சோர்வு, பசியின்மை, கைகால்களில் வலுவின்மை போன்றவை தலைகாட்டும். நுரையீரல் கூடுதலாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தை ஈடுகட்ட முயல்வதால் வரும் மூச்சிரைப்பு அது. நோயாளி அதை “ரத்தம் கம்மி” என்று எடுத்துக்கொள்வது வழக்கம். சிறுநீரக நோயில் இரத்தசோகையும் கூடவே இருப்பதால் அந்த எண்ணம் பாதி சரியாகவும் அமைந்துவிடுகிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியேறுகிறது

சாயப்பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, தொட்டியில் சோடா ஆஷ் போட்டுப் பி.எச். அளவை 11 வரை கொண்டுபோக வேண்டும். சாயம் ஏறியபின் அசிட்டிக் ஆசிட் விட்டு அந்தக் காரத்தைச் சமன்செய்ய வேண்டும். பி.எச். சற்றுப் பிசகினாலும் நிறம் மாறிவிடும். உடலுக்குள் இருக்கும் கட்டுப்பாடு அதைவிடக் கடுமையானது. இரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்க வேண்டும்.

நாம் உண்ணும் புரதத்தில் உள்ள கந்தகம் சிதைந்து கந்தக அமிலமாகிறது. இப்படியும் வேறு வழிகளிலும் ஒரு நாளில் உண்டாகும் அமிலம், உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1 மி.ஈ. என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 மி.ஈ. இதை நுரையீரலால் வெளியேற்ற முடியாது. சிறுநீரகம்தான் செய்ய வேண்டும்.

சிறுநீரகம் இதில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அதன் வடிகட்டிகள் வழியே போகிறது. அதிலுள்ள 4,000 மி.ஈ.க்கும் மேற்பட்ட பைகார்பனேட்டை நுண்குழல்கள் ஏறக்குறைய முழுவதும் மீட்டெடுக்கின்றன. அமிலத்தைச் சமன்செய்வதில் செலவான பைகார்பனேட்டைப் புதிதாகத் தயாரிப்பது அடுத்த வேலை. இதற்குக் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் பயன்படுகிறது. ஒரு குளூட்டமின் மூலக்கூறு சிதைந்தால் இரண்டு அம்மோனியம் சிறுநீரோடு வெளியேறும். இரண்டு பைகார்பனேட் இரத்தத்துக்குத் திரும்பும்.

பட்டறையில் கிடைக்கும் பி.எச். தாளைச் சிறுநீரில் நனைத்து அமிலமிகையைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றலாம். அது பயன்படாது. அம்மோனியம் வெளியேற்றம் வெகுவாகக் குறைந்த நோயாளியிலும் சிறுநீர் அமிலமாகவே காட்டக்கூடும். இரத்தத்தில் பைகார்பனேட் அளவைப் பார்ப்பதே வழி.

மீந்த நெஃப்ரான்களின் சுமை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நோயில் அவற்றில் முக்கால் பங்கு அழிந்தாலும் உடலில் உண்டாகும் அமிலம் குறைவதில்லை. பத்துப் பேர் பார்த்த வேலையை மூன்று பேர் பார்ப்பதுபோல, மீந்த ஒவ்வொரு நெஃப்ரானும் முன்னைவிடப் பல மடங்கு அம்மோனியா உண்டாக்க வேண்டியிருக்கிறது. 1985இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நாத், ஹோஸ்டெட்டர் ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வு இதன் தீங்கைக் காட்டியது. திசுவில் தேங்கும் அம்மோனியா, நோயெதிர்ப்பு அமைப்பின் “காம்ப்ளிமென்ட்” புரதத்தைத் தூண்டி, நுண்குழல்களைச் சுற்றி அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குகிறது. பைகார்பனேட் கொடுக்கப்பட்ட எலிகளில் இந்தச் சேதம் குறைந்தது. அமிலத்தை வெளியேற்ற எண்டோதெலின், ஆல்டோஸ்டெரோன் போன்ற சுரப்புகளும் கூடுகின்றன. அவையும் நாளடைவில் தழும்பையே வளர்க்கின்றன.

சிறுநீரகத்துக்கு வெளியேயும் இழப்பு உண்டு. எலும்பு தன் காரத்தைக் கொடுத்து அமிலத்தைச் சமன்செய்கிறது. அதனால் எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைகிறது. தசைப் புரதம் சிதைவதும் கூடுகிறது. உடலுழைப்பால் பிழைப்பவருக்குத் தசை இழப்பு கிரியாட்டினின் எண்ணைவிட முன்னதாக உறைக்கும். அந்த எண்ணையே இது ஏமாற்றவும் கூடும். தசை கரைந்தவரின் கிரியாட்டினின் உண்மை நிலையைவிடக் குறைவாகக் காட்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

காரம் கொடுத்துச் சிறுநீரக நோயைத் தணிக்கும் எண்ணம் புதிதல்ல. எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர்கள் லயன், டன்லப், ஸ்டூவர்ட் ஆகியோர் 1931லேயே ‘லான்செட்’ இதழில் இதைப் பற்றி எழுதியுள்ளனர். பிறகு டயாலிசிஸ் வந்தது. அந்தப் பழைய சிகிச்சை மறக்கப்பட்டது.

மீண்டும் கவனம் திரும்பியது 2009இல். லண்டனில் வடிகட்டும் திறன் 15 முதல் 30 வரையும் பைகார்பனேட் 16 முதல் 20 வரையும் இருந்த 134 நோயாளிகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு இரண்டாண்டுகள் சோடியம் பைகார்பனேட் கொடுத்தனர். மாத்திரை எடுத்தவர்களில் 6.5 விழுக்காட்டினரும், எடுக்காதவர்களில் 33 விழுக்காட்டினரும் சிறுநீரகச் செயலிழப்பை அடைந்தனர். இத்தாலியில் 740 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும் முடிவு அதே பக்கம் சாய்ந்தது. கிரியாட்டினின் இரு மடங்கானவர்கள் மாத்திரைக் குழுவில் 6.6 விழுக்காடு, மற்றக் குழுவில் 17 விழுக்காடு.

நமக்கு அருகிலேயே, புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. நோயின் 3, 4ஆம் நிலைகளில் இருந்த 188 பேரில் பாதிப்பேருக்குப் பைகார்பனேட் அளவு 24 முதல் 26க்குள் நிற்கும்படி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தனர். அவர்களுக்குத் தசை அளவு மேம்பட்டது. சிறுநீரகத் திறன் குறைவதும் மற்றவர்களைவிட மட்டுப்பட்டது. அரிசிச் சோறும் பருப்பும் உண்ணும் மக்களிடம் நடந்தது என்பதால் இதற்கு நம் பகுதியில் தனி மதிப்பு உண்டு.

இந்த மூன்றிலும் ஒரு குறை இருக்கிறது. யார் மாத்திரை எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்தவை இவை. போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. போலி மாத்திரையுடன் நடந்த ஆய்வுகளில் படம் அவ்வளவு பிரகாசமாக இல்லை. பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் நடந்த ‘பைகார்ப்’ ஆய்வு 2020இல் வெளியானது. உடல் திறனில் மேம்பாடு இல்லை. பக்கவிளைவுகள் மாத்திரைக் குழுவில் சற்றுக் கூடுதல். அடுத்து, சோடியமே இல்லாமல் குடலில் அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும் ‘வெவெரிமர்’ என்ற புது மருந்தை 1,480 பேரிடம் சோதித்தனர். அதுவும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் இவ்விரு ஆய்வுகளிலும் இரு குழுக்களுக்கிடையே பைகார்பனேட் வேறுபாடு சுமார் 1 மி.ஈ. மட்டுமே. அளவு சரியாக ஏறாதபோது பயன் தெரியாததில் வியப்பில்லை என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். மருந்துக்கே பயனில்லை என்பது மறுசாரார் வாதம்.

‘கேடிகோ’ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுநெறி அமைப்பு, 2012இல் பைகார்பனேட் 22க்குக் கீழ் இறங்கினாலே மருந்து தரலாம் என்றது. 2024இல் வந்த புதிய நெறிகள் இறங்கிவந்து, 18க்குக் கீழ் போகும் நிலையைத் தடுக்கும் நோக்கில் மருந்தைக் கருதலாம் என்கின்றன. ஆகவே 20 அல்லது 21 இருப்பவருக்கு மாத்திரை கட்டாயம் என்று சொல்வதற்கில்லை. உணவு மாற்றம் போதுமானதாக இருக்கலாம். 16 அல்லது 17 இருப்பவரைச் சும்மா விடுவதற்கும் நியாயமில்லை. எலும்பையும் தசையையும் காப்பதற்காகவேனும் அது தேவை.

இந்தச் சிகிச்சை துணைச் சிகிச்சைதான். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு டெல்மிசார்டன் போன்ற மருந்துகள், தகுந்தவர்களுக்கு டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றின் பயன் இதைவிட உறுதியாக நிறுவப்பட்டது. அவற்றை விட்டுவிட்டுப் பைகார்பனேட்டை மட்டும் பிடித்துக்கொள்வதில் பொருளில்லை.

திருப்பூர் வட்டாரத்தில்

பின்னலாடைத் தொழிலில் சிறுநீரகத்துக்குச் சுமையாகக்கூடியவை மூன்று. முதலாவது வெப்பம். சாயப்பட்டறை, பாய்லர், ஸ்டென்டர், காம்பேக்டிங், அயர்னிங் ஆகிய இடங்களில் நீராவியோடும் சூட்டோடும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியுள்ளது. வெப்பமும் நீரிழப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது தமிழ்நாட்டில் வேறு தொழில்களில் ஆராயப்பட்டுள்ளது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தினர் உப்பளத் தொழிலாளர் 352 பேரைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்தனர்; 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளரிடம் நடந்து 2025இல் வெளியான பெரிய ஆய்வில், 5 விழுக்காடு அளவில் நாட்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெப்பத்தாலும் நீரிழப்பாலும் வரும் பாதிப்பு பெரும்பாலும் நுண்குழல்களில்தான் விழுகிறது. அமிலத்தை வெளியேற்றுவதும் நுண்குழல்களின் வேலை. ஆகையால் இவ்வகை நோயாளிகளுக்கு அமிலமிகை முன்கூட்டியே வரக்கூடும் என்று எதிர்பார்த்துச் சோதிப்பது நல்லது.

இரண்டாவது வலி மாத்திரை. பன்னிரண்டு மணி நேரம் சிங்கர் மெஷினிலோ ஓவர்லாக்கிலோ உட்கார்ந்து எழுந்தவருக்கு இடுப்பும் தோளும் வலிக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையைச் சீட்டில்லாமலே வாங்கி விழுங்கிவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போவது பழக்கமாகிவிடுகிறது. வியர்த்து நீர் வற்றிய உடலில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கழிவறைக்கு அடிக்கடி எழுந்துபோக முடியாது என்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது மூன்றாவது. பீஸ் கணக்கும் டெலிவரி தேதியும் நெருக்கும் இடத்தில் அறிவுரை மட்டும் போதாது. கம்பெனியின் ஏற்பாடு மாற வேண்டும்.

சோதனை வசதி முன்னைவிடப் பரவாயில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருகின்றனர். 2022 முதல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறது; பின்னர் அது தொழிற்கூடங்களுக்கும் விரிந்தது. இவற்றில் யூரியா, கிரியாட்டினின் பார்ப்பது வழக்கம். பைகார்பனேட் பார்ப்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. “ஆர்.எஃப்.டி.” என்று எழுதினால் பல ஆய்வகங்களில் யூரியாவும் கிரியாட்டினினும் மட்டுமே வரும். சோடியம், பொட்டாசியம் அடங்கிய “எலக்ட்ரோலைட்ஸ்” சோதனையில்தான் பைகார்பனேட் இருக்கும். சில அறிக்கைகளில் அது “மொத்த கார்பன் டை ஆக்சைடு” என்ற பெயரில் அச்சாகும். வடிகட்டும் திறன் 30க்குக் கீழ் உள்ளவர் தம் அறிக்கையில் இந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எடுத்த இரத்தம் திறந்த குழாயில் நெடுநேரம் நின்றால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, பைகார்பனேட் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சிறு ஆய்வகத்தில் எடுத்து வேறு ஊருக்கு அனுப்பிச் சோதித்த முடிவென்றால், மருந்து தொடங்கும் முன் ஒருமுறை மறுபடி பார்ப்பது நல்லது.

மாத்திரையும் சோடாவும்

சோடியம் பைகார்பனேட் மாத்திரைகள் 500 மில்லிகிராம், 1,000 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கின்றன. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 6 மி.ஈ. பைகார்பனேட் உள்ளது. குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்கள் கழித்து இரத்தம் பார்த்து, மருத்துவர் அளவைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இயல்பின் மேல்வரம்பைத் தாண்டவிடக் கூடாது. நாளொன்றுக்கு 3 கிராம் எடுப்பவருக்கு அதன்வழி சுமார் 820 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. இது ஏறத்தாழ 2 கிராம் சமையல் உப்பில் உள்ள சோடியத்துக்குச் சமம். கால் வீக்கம், இதயச் செயலிழப்பு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியமான கணக்கு. இரத்தத்தில் கால்சியம் மிகக் குறைந்தவர்களுக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் கைகால் இழுத்துக்கொள்ளும். வயிறு உப்புவதும் ஏப்பமும் பலருக்கு வரும். மாத்திரையை நிறுத்துவதற்கு நோயாளிகள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. மருந்தைப் பிரித்துப் பிரித்து எடுத்தால் குறையும்.

மாத்திரையும் ஆப்ப சோடாவும் ஒன்றுதானே, ஒரு கரண்டி கலந்து குடித்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். கரண்டி அளவு நம்பத்தக்கதல்ல. ஒரு தேக்கரண்டியிலேயே 4 முதல் 5 கிராம் ஏறிவிடும். திருப்பூரில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சாயப்பட்டறையில் மூட்டையாக இருக்கும் சோடா ஆஷும் வெள்ளைத் தூள்தான். பெயரிலும் சோடா இருக்கிறது. ஆனால் அது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அதன் கரைசல் வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். அதை ஒருபோதும் உட்கொள்ளக் கூடாது. ஈனோ போன்ற உப்புகளில் பைகார்பனேட்டோடு சிட்ரிக் அமிலமும் கணிசமான சோடியமும் உண்டு; சிறுநீரக நோயாளி தானாக எடுக்க ஏற்றதல்ல. கோலி சோடாவில் இருப்பது அழுத்தி அடைத்த கரியமில வாயு. பெயரைத் தவிர அதற்கும் இந்த மருந்துக்கும் உறவில்லை.

கொங்குப் பகுதியில் “ஆல்கலைன் வாட்டர்” இயந்திரங்களின் விற்பனைப் பேச்சும் காதில் விழுகிறது. பி.எச். 9.5 உள்ள ஒரு லிட்டர் நீரில் அந்தப் பி.எச்.சைத் தரும் ஹைட்ராக்சைடு சுமார் 0.03 மி.ஈ. மட்டுமே. ஒரு நாள் அமிலமான 60 மி.ஈ.யை அதைக்கொண்டு சமன்செய்ய 2,000 லிட்டர், அதாவது இரண்டு தண்ணீர்த் தொட்டி அளவு குடிக்க வேண்டும். நீரில் கரைந்த தாதுக்களால் சற்றுக் கூடுதல் காரம் கிடைக்கலாம். அதற்கு இயந்திரம் தேவையில்லை.

உணவு

நாவில் புளிப்பது உடலில் அமிலமாகும் என்பது தவறு. எலுமிச்சையின் சிட்ரேட் உடலில் பைகார்பனேட்டாக மாறுகிறது. அது காரம் தரும் பழம். புளிப்பே இல்லாத கோழிக்கறியும் முட்டையும் அமிலம் தருபவை. 1995இல் ரெமர், மான்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் உணவுகளின் அமிலச் சுமையைக் கணக்கிட்டு அட்டவணை வெளியிட்டனர். அதன்படி 100 கிராம் கோழிக்கறி சுமார் 9 மி.ஈ. அமிலத்தையும், முட்டை 8 மி.ஈ. அமிலத்தையும் சேர்க்கின்றன. பசலைக்கீரை 14 மி.ஈ.யையும் வாழைப்பழம் 5 மி.ஈ.க்குச் சற்று மேலும் குறைக்கின்றன. அரிசியும் பருப்பும் இலேசாக அமிலப் பக்கம் சாய்பவை.

டெக்சாசில் கொராயா, வெசன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 4ஆம் நிலை நோயாளிகள் 71 பேரில் ஒரு பகுதியினருக்கு மாத்திரையும் மற்றவர்களுக்குப் பழம், காய்கறிகளும் தந்தனர். ஓராண்டு முடிவில் இரு சாராருக்கும் அமிலமிகை குறைந்தது. சிறுநீரகத் திறனில் வேறுபாடு இல்லை. பழம், காய்கறி உண்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் குறைந்தது. மூன்று வேளையும் சோறு, இட்லி, இரவு ஷிப்டில் பரோட்டாவும் முட்டையும், நடுவில் டீயும் பன்னும் என்று ஓடும் தொழிலாளியின் தட்டில் மிகக் குறைவாக இருப்பது காய்கறிதான். ஞாயிறு கறிக்குழம்பைத் தடைசெய்வதைவிட, அன்றாடம் இரண்டு கை பொரியல் சேர்ப்பது எளிதாக நடக்கக்கூடியது.

ஆனால் அந்த அமெரிக்க ஆய்வில் பொட்டாசியம் அளவு குறைவாக இருந்தவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்திருந்தனர். இது மிகவும் முக்கியம். காரம் தரும் காய், கனி, கீரைகளில்தான் பொட்டாசியமும் மிகுதி. டெல்மிசார்டன் எடுக்கும் நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே 5.5 இருந்தால், யாரோ சொன்னார்கள் என்று நாள்தோறும் இளநீரும் முருங்கைக்கீரைச் சாறும் குடிப்பது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையே பாதுகாப்பான வழி. பைகார்பனேட் ஏறும்போது பொட்டாசியம் சற்று இறங்கவும் செய்யும். காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். எந்தக் காய், எவ்வளவு என்பதைக் கடைசியாக எடுத்த பொட்டாசியம் அளவை வைத்தே மருத்துவரோ உணவியல் வல்லுநரோ முடிவு செய்வார். அந்த அளவும் பைகார்பனேட்டும் ஒரே எலக்ட்ரோலைட்ஸ் சோதனையில் கிடைக்கின்றன.